வழங்கப்படாத தீர்ப்பு

'மக்னீற்றோ சொன்னது சரி' என்றொரு வாசகம் சில காலமாக இளைஞரின் ரீசேட்டுகளிலே காணப்படுகின்றது. அச்சட்டை முதன்முதல் தோன்றியது கடைவீதியிலன்று, ஒரு கதையினுள்ளேயாம். 2003ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'நியூ எக்ஸ்-மென்' என்னும் சித்திரக்கதையில், குவென்ரின் குவயர் என்ற மாணவன், தன் பாடசாலைத் தலைவரின் சமாதானக் கொள்கையில் வெறுப்புற்று, அவருடைய பகைவனின் உருவமும் இவ்வாசகமும் பொறித்த சட்டையை அணிந்துகொண்டு நடமாடுகின்றான். கதைக்குள் இருந்த சட்டை பின்னர் கடைக்கு வந்தது. 2024ஆம் ஆண்டு மார்ச் முதல் மே வரை வெளியான 'எக்ஸ்-மென் 97' என்னும் சித்திரத் தொடரிலே அதே வாசகம் ஒரு பாத்திரத்தின் வாய்மொழியாகவும் வந்தது. அதன்பின் அது உலகெங்கும் பரவியது. எங்கள் பாடசாலை வாயிலையும் எட்டியது.

'ஐயா, அவன் சொன்னது சரிதானே?' என்று உயர்தர வகுப்பு மாணவர் சிலர் என்னை வினவினர். பண்டிதப் பரீட்சைக்கு இலக்கணம் படிப்பிக்கும் ஒருவனுக்குச் சித்திரக்கதையோடு என்ன சம்பந்தம் என்று நகைப்பாரும் உளர். நகைக்கட்டும். வாலி வதையை ஆண்டுதோறும் வழக்காடு மன்றத்திலே ஏற்றி, இரு பக்கமும் வாதிட்டுக் கரகோஷம் பெறுகின்ற நாம், அதே வினா வேறொரு மொழியில், வேறொரு வேடத்தில் வரும்போது மாத்திரம் முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல் முறையன்று. அன்றியும், எமது பிள்ளைகளுக்கு இது வெறும் கதை வினாவும் அன்று. ஏன் அன்று என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விரித்துரைத்தல் வேண்டா.

கதையை அறியாதாருக்காகச் சில சொற்கள். மனிதருள்ளே சிலர் பிறப்பிலேயே ஓர் அசாதாரண ஆற்றலோடு தோன்றுகின்றனர். உயிரியல் பாடநூலில் 'விகாரம்' என நாம் வழங்கும் மாற்றமே அதற்குக் காரணம் என்பது கதை. ஆதலின் அவர்களை விகாரிகள் என்போம். (நன்னூல் படித்தவர்க்கு விகாரம் என்பது தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூன்றுமாம், வழக்கிலோ அச்சொல் அருவருப்பையும் குறிக்கும். மூன்று பொருளும் இக்கதைக்குப் பொருந்துவது ஒரு வேடிக்கை.) ஏனைய மனிதர் அவர்களை அஞ்சுகின்றனர், வெறுக்கின்றனர், வேட்டையாடுகின்றனர். சார்ள்ஸ் சேவியர் என்னும் பேராசிரியர் அப்பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை நடத்தி, மனிதரோடு இணங்கி வாழலாம் என்று போதிக்கின்றார். மக்னீற்றோ அவருடைய பழைய நண்பன். இரும்பை ஈர்க்கும் காந்த ஆற்றல் உடையவன். இணங்கி வாழ இயலாது, மனிதர் ஒருநாள் எம்மை அழிக்கவே வருவர், ஆகையால் நாம் முந்திக்கொள்ள வேண்டும் என்பது அவன் கட்சி.

இப்பாத்திரம் பிறந்தது 1963ஆம் ஆண்டில். ஸ்ரான் லீ எழுத, ஜாக் கேர்பி வரைந்தார். இருவரும் நியூயோர்க்கில் குடியேறிய யூதப் பெற்றோரின் புதல்வர். கேர்பி இரண்டாம் உலகப் போரிலே பிரான்சில் போரிட்டவர். அதற்கு முன்னரே ஹிற்லரின் முகத்திலே குத்து விழும் அட்டைப்படத்தை வரைந்தவர். இத்தகைய இருவர் படைத்த மக்னீற்றோவுக்கு ஆழமான ஒரு வரலாறு இருந்திருக்கும் என்று எண்ணத் தோன்றும். இல்லை! முதலாம் இதழிலே அவன் ஓர் ஏவுகணைத் தளத்தைக் கைப்பற்றிக் கொக்கரிக்கின்றான், சேவியரின் மாணவர் அவனைத் துரத்துகின்றனர், அவ்வளவே. நான்காம் இதழிலே அவன் ஒரு சங்கம் அமைக்கின்றான். அதன் பெயர் 'தீய விகாரிகளின் சகோதரத்துவம்'. தம்மைத் தாமே தீயோர் என்று பெயர்ப்பலகை எழுதி மாட்டிக்கொண்ட சங்கம் உலக வரலாற்றில் வேறு உண்டோ என்பது எனக்குத் தெரியாது. கொடுங்கோலன் ஒவ்வொருவனும் தன் சங்கத்துக்கு விடுதலை என்றோ, ஒழுங்கு என்றோ, அமைதி என்றோதான் பெயரிடுவான்.

அவ்வெறுமைக்குப் படைத்தோரின் அவசரம் மாத்திரம் காரணமன்று. அமெரிக்கச் சித்திரக்கதை வெளியீட்டாளர் 1954ஆம் ஆண்டிலே தமக்குத் தாமே ஒரு விதிக்கோவையை வகுத்துக்கொண்டனர். சித்திரக்கதைகள் சிறுவரைக் கெடுக்கின்றன என்று அவ்வாண்டு எழுந்த பெருங்கூச்சலும், செனற் சபை நடத்திய விசாரணையும் அவர்களை அச்சுறுத்தியிருந்தன. குற்றவாளியின்மீது இரக்கம் பிறக்கும்படி எழுதலாகாது. நன்மையே எப்போதும் வெல்லவேண்டும் என்பன அவ்விதிகளுட் சில. இரக்கம் தடைசெய்யப்பட்ட இடத்திலே எதிர்த்தலைவன் பொம்மையாகத்தான் நிற்பான். 1971இல் அவ்விதிகள் தளர்த்தப்பட்டன. அத்தளர்வு நிகழாதிருப்பின் பின்வந்த மக்னீற்றோவை நாம் கண்டிருப்போமா என்பது ஐயமே.

பின்வந்தவனைப் படைத்தவர் கிறிஸ் கிளெயர்மொன்ற். இலண்டனிலே பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த இவர், 1975 முதல் 1991 வரை பதினாறு ஆண்டுகள் இக்கதையைத் தொடர்ந்து எழுதினார். இளமையில் இஸ்ரேல் நாட்டின் கூட்டுப் பண்ணை ஒன்றிலே சில காலம் தங்கி, நாஸி முகாம்களிலிருந்து பிழைத்து வந்தவர்களை நேரிலே கண்டவர். மக்னீற்றோவை எழுதும்போது தம் மனத்தில் இருந்தவர் மெனாகெம் பெகின் என்று செவ்விகளில் அவர் கூறியுள்ளார். பெகின் யார்? 1946ஆம் ஆண்டு யூலையில் ஜெரூசலேத்தின் கிங் டேவிட் ஹோட்டலைத் தகர்த்து 91 பேரின் உயிரைக் குடித்த இயக்கத்தின் தலைவர். அவரே 1977இல் இஸ்ரேலின் பிரதமரானார். 1978இல் எகிப்தின் சதாத்தோடு சேர்ந்து சமாதானத்துக்கான நொபெல் பரிசையும் பெற்றார். ஒருவரே இரண்டுமாக இருத்தல் கூடுமா என்ற வினாவே கிளெயர்மொன்றைப் பற்றிக்கொண்டது என்று நினைக்கிறேன்.

1981 ஒக்ரோபர் எனத் திகதியிட்ட 150ஆம் இதழை எடுத்துக்கொள்வோம். உலக நாடுகள் யாவும் அணுவாயுதங்களைக் கைவிட்டுத் தன் ஆணைக்குப் பணியவேண்டும் என்று மக்னீற்றோ அறிவிக்கின்றான். சோவியத் நீர்மூழ்கிக் கப்பலாகிய லெனின்கிராட் அவனுடைய தீவை நோக்கி ஏவுகணைகளை எய்கின்றது. அவன் அக்கப்பலை, உள்ளிருந்த மாலுமிகளோடு, கடலின் அடியிலே ஆழ்த்திவிடுகின்றான். இவ்வளவும் பழைய மக்னீற்றோதான். பின்னர் சேவியரின் மாணவர் தீவினுள்ளே புகுகின்றனர். அவர்களுள் இளையவள் கிட்டி பிறைட், பதின்மூன்று வயதினள், யூதச் சிறுமி. அவள் அவனுடைய கணினியை அழிக்கின்றாள். சினங்கொண்ட அவன் அவளை மின்னாற்றலால் தாக்குகின்றான். அவள் வீழ்கின்றாள். இறந்தாள் என்றே அவன் எண்ணுகின்றான். அருகே சென்று பார்க்கின்றான்.

பார்த்தபின் அவனால் மேலே செல்ல முடியவில்லை. அச்சிறுமியை ஏந்திக்கொண்டு, தான் ஒஷ்விற்ஸ் முகாமிலே வளர்ந்தவன் என்றும், தன் குடும்பத்தார் யாவரும் அழிக்கப்பட்டனர் என்றும், தன் இனத்துக்கு அவ்வாறு மீண்டும் நேராதிருக்கவே ஆயுதம் எடுத்ததாகவும், இப்போது தானே ஒரு பிள்ளையைக் கொன்றவனாக நிற்பதாகவும் அவன் உணர்கின்றான். (சிறுமி பிழைத்துக்கொள்கின்றாள், அதை அவன் பின்னரே அறிகின்றான்.) பதினெட்டு ஆண்டுகளாகக் கொக்கரித்த ஒரு பாத்திரத்துக்கு ஓரிதழிலே வரலாறு கிடைத்தது. ஏறக்குறைய 11 இலட்சம் மக்கள் கொல்லப்பட்ட இடம் அது. அவ்விடத்திலிருந்து வந்த ஒருவன், மனிதர் எம்மை அழிக்க வருவர் என்று சொன்னால், அஃது உன் வீண் அச்சம் என்று அவன் முகத்துக்கு நேரே சொல்ல எவருக்குத் துணிவு உண்டு?

இங்கேதான் விமரிசகர் பலரும் ஒரு குறுக்குவழியிலே செல்கின்றனர். துன்பமான இளமையைச் சேர்த்தமையால் வில்லன் இரக்கத்துக்குரியவன் ஆனான், இரக்கத்துக்குரியவன் ஆனமையால் சுவையுடையவன் ஆனான் என்பர். இதனை நம்பிய எழுத்தாளர் கூட்டம் ஒன்று பின்னர் ஒவ்வொரு வில்லனுக்கும் ஓர் அநாதை இளமையையோ, அடித்த தந்தையையோ, எள்ளிய ஊரையோ தேடிக்கொடுத்தது. 2019இல் வந்த 'ஜோக்கர்' திரைப்படம் முழுவதும் அத்தகையதே. அதனைக் குறைகூற வரவில்லை. நடிப்புச் சிறந்தது. ஆயின் அந்த ஜோக்கர் நம்மிடம் எதையும் வாதிக்கவில்லை. அவனுக்குக் காயம் உண்டு, கட்சி இல்லை. அவனைக் கண்டு நாம் இரங்குகின்றோம். அவனோடு வழக்காட வேண்டிய தேவை நமக்கு எழுவதில்லை. 2018இல் வந்த படத்தின் தானோஸ் இதற்கு எதிர்மாறு. அவனுக்குக் கட்சி உண்டு: உயிர்களிற் பாதியை அழித்தால் எஞ்சிய பாதி நிறைவாக வாழும் என்பது. ஆனால், எண்ணிப்பார்த்தால் கணக்கே பிழை. பாதியாகிய தொகை மீண்டும் பெருகாதோ? வகுப்பிலே ஒரு மாணவன் இதனை அரை நிமிடத்திலே தகர்த்துவிட்டான்.

மக்னீற்றோ இவ்விருவரிலும் வேறுபட்டவன். அவனுக்குக் காயமும் உண்டு, கட்சியும் உண்டு, அக்கட்சியின் முதற்பாதியை மறுக்க வழியும் இல்லை. மனிதர் அழிக்க வருவர் என்ற அவன் கூற்றைக் கதையே திரும்பத் திரும்ப மெய்ப்பித்துக் காட்டுகின்றது. ஆகவே நாம் அவனோடு பாதிவழி நடக்கவேண்டியிருக்கின்றது. பாதிவழி நடந்தபின், எவ்விடத்தில் அவனை விட்டுப் பிரிவது என்பதை நாமே முடிவுசெய்ய வேண்டும். கதை நமக்காக அதனைச் செய்துதராது. ஒரு வில்லன் நம்மை ஈர்ப்பதற்கு அவன் பாதி நல்லவனாக இருத்தல் வேண்டுவதில்லை. அவன் சொல்வதில் ஒரு பகுதியை நாம் வேறெங்கோ, நம் சொந்த வாழ்விலே, உண்மையென்று அறிந்திருத்தல் வேண்டும். கம்பனுடைய இராவணனுக்கு வீரமும் இசையும் கல்வியும் உண்டு. அவை அவனுக்குப் பெருமை தருகின்றன. அவன் சீதையைக் கவர்ந்தமைக்கு நியாயம் தரவில்லை. அவனை வியக்கின்றோம்; அவன் கட்சியை ஏற்கும் வருத்தம் நமக்கு இல்லை. வாலியின் வினாக்களோ வேறு வகை. அடிபட்டு வீழ்ந்தவன் எழுப்பும் அவ்வினாக்களுக்கு இன்றுவரை மன்றங்களிலே விடை தேடுகின்றோம். மக்னீற்றோ வாலியின் கிளையைச் சேர்ந்தவன்.

ஒஷ்விற்ஸ் ஒன்றே போதுமானதாயிருக்க, 1987இல் கிளெயர்மொன்ற் மற்றொரு துயரத்தையும் சேர்த்தார். முகாமிலிருந்து தப்பி, மக்டா என்பவளை மணந்து, உக்ரேன் நாட்டின் வின்னிற்சா நகரில் கூலிவேலை செய்கின்றான். கூலியிலே ஏமாற்றப்பட்டபோது அவனுடைய ஆற்றல் வெளிப்படுகின்றது. அவர்கள் தங்கியிருந்த விடுதி தீப்பற்றுகின்றது. உள்ளே சிறு மகள் அன்யா. காப்பாற்ற ஓடியவனைக் கூட்டத்தார் பிடித்து நிறுத்தி அடிக்கின்றனர். மகள் எரிந்து மடிகின்றாள். அவன் அக்கூட்டத்தையே அழிக்க, அதனைக் கண்ட மனைவியும் அஞ்சி ஓடிவிடுகின்றாள். உருக்கமான கதைதான். ஆயினும் என் அபிப்பிராயம், இது மிகை. வரலாறு தந்த காயத்தின்மேல் கற்பனை ஒரு காயத்தை ஒட்டவைக்கும்போது முன்னையதன் கனம் குறைகின்றது. 2008இல் கிரெக் பாக் எழுதிய 'மக்னீற்றோ: ரெஸ்ரமென்ற்' என்னும் ஐந்து இதழ்க் கதை இவ்விடத்தில் அடக்கம் மிக்கது. மக்ஸ் ஐசன்ஹார்ட் என்னும் ஜெர்மன் யூதச் சிறுவனை, சடலங்களை எரிக்கும்படி கட்டாயப்படுத்தப்பட்ட கைதிக் குழுவிலே நிறுத்தி, 1944 ஒக்ரோபர் 7ஆம் திகதி அக்கைதிகள் நடத்திய கிளர்ச்சிவரை கதையைக் கொண்டுசெல்கின்றார். பறத்தலும் மின்னலும் அதில் இல்லை. அச்சிறுவன் உயிர் பிழைப்பது ஒன்றே அதில் அற்புதம்.

இனி, நான் ஆசிரியன் ஆகையால் சற்று அதிகமாக நின்று பார்க்க விரும்பும் இடத்துக்கு வருகின்றேன்.

1985ஆம் ஆண்டில், 199ஆம் இதழிலே, வாஷிங்ரனில் யூதப் படுகொலை நினைவுகூரல் ஒன்றுக்கு மக்னீற்றோ செல்கின்றான். அவனைக் கைதுசெய்ய வருகின்றனர். எதிர்த்து அழிக்கும் ஆற்றல் இருந்தும் அவன் தானாகவே சரணடைகின்றான். அடுத்த இதழிலே பாரிஸ் நகரில் சர்வதேச நீதிமன்றம் கூடுகின்றது. லெனின்கிராட் கப்பல் மாலுமிகளின் மரணம் குற்றப்பத்திரத்தில் இருக்கின்றது. காபிரியெல் ஹாலர் என்னும் பெண் வழக்கறிஞர், தாமும் நாஸி முகாமொன்றிலிருந்து பிழைத்தவர், அவனுக்காக வாதாடுகின்றார். வாசகர் தீர்ப்பை எதிர்பார்த்துப் பக்கத்தைப் புரட்டுகின்றனர். அவ்வேளை நாஸி ஒருவனின் வாரிசுகளாகிய இரட்டையர் மன்றத்தைத் தாக்குகின்றனர். விசாரணை குலைகின்றது. தீர்ப்பு வழங்கப்படவில்லை. மரணப்படுக்கையில் இருந்த சேவியர், தம் பாடசாலையை நடத்தும் பொறுப்பை மக்னீற்றோவிடமே ஒப்படைத்துவிட்டு நீங்குகின்றார்.

எழுத்தாளர் இக்கட்டிலிருந்து தப்பிக்கொண்டார் என்று இதனைக் குறைசொல்லலாம். குறைசொல்லியும் இருக்கின்றனர். தீர்ப்பு இல்லாத இடத்திலே தண்டனையாகவும் மன்னிப்பாகவும் ஒரு பாடசாலை வைக்கப்படுகின்றது என்பதை நான் பெரிதாகக் கருதுகின்றேன். உலகை ஆளத் துணிந்தவன் இப்போது நேரசூசி பார்க்க வேண்டும். பிள்ளைகளின் சண்டையைத் தீர்க்க வேண்டும். தன்னை நம்பாத மாணவர் முன்னே நாள்தோறும் நிற்க வேண்டும். அவன் அதில் உண்மையாகவே முயல்கின்றான். கோபத்தை அடக்குகின்றான். சிலவேளை பிள்ளைகளின் நம்பிக்கையையும் பெறுகின்றான். பின்னர் 1988இல், டக் ராம்சி என்னும் மாணவன் சுடப்பட்டு இறக்கின்றான். மொழிகளைப் புரிந்துகொள்வது மாத்திரமே அப்பிள்ளையின் ஆற்றல். போருக்கு உதவாத ஆற்றல். எதிரியை எதிர்பார்த்துப் பிள்ளைகளைப் போர்வீரராகப் பயிற்றும் பாடசாலையிலே முதலில் மடிவது மொழியறிந்த பிள்ளை என்பது தமிழாசிரியனாகிய எனக்குச் சாதாரணமாகப் படவில்லை. அம்மரணத்தின்பின் மக்னீற்றோ மெல்ல மெல்லப் பழைய பாதைக்குத் திரும்புகின்றான். சேவியரின் வழியிலே சென்றும் பிள்ளையைக் காக்க முடியவில்லையே என்பது அவன் நினைப்பு. கல்விமேல் நம்பிக்கை இழந்த ஆசிரியனின் கதையாக இதனை வாசிக்கலாம். அவ்வகை ஆசிரியர் வெறும் கற்பனைப் பாத்திரங்கள் அல்லர்.

அவன் முழு வில்லனாக மீண்டதற்கு இதனிலும் எளிய காரணம் ஒன்றும் உண்டு. 1991இல் மார்வெல் நிறுவனம் 'எக்ஸ்-மென்' என்ற பெயரில் புதிய முதலாம் இதழை வெளியிட்டது. அட்டையிலே மக்னீற்றோ பகைவனாக நின்றான். எண்பது இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயின. சித்திரக்கதை உலகில் அஃது ஒரு சாதனை. பகைவன் இன்றிப் பத்திரிகை விற்காது. திருந்திய வில்லன் வியாபாரத்துக்கு நட்டம். கிளெயர்மொன்ற் மூன்று இதழ்களோடு விலகினார். காவியத்துக்கு முடிவு உண்டு. இராவணன் ஒருமுறைதான் மடிவான். மாதந்தோறும் வரும் கதையில் எவனும் முற்றாகத் திருந்தவும் முடியாது, முற்றாக மடியவும் முடியாது. மக்னீற்றோவின் மனவூசல் என்று நாம் வியப்பதிற் பாதி, ஆசிரியர் மாறிமாறி எழுதியமையாலும் விற்பனைப் பகுதியின் தேவையாலும் விளைந்தது. இதனை மறைத்து, எல்லாம் திட்டமிட்ட கலை என்று பாராட்டுவது இரசிகர்களின் அன்பு, விமரிசனம் ஆகாது. எனினும், நன்மைக்கும் பழைய பாதைக்கும் இடையிலே இருமுறை மும்முறை அலையும் மனிதரை நாம் கண்டதில்லையா? வியாபாரம் அறியாமலே ஓர் உண்மையைத் தொட்டுவிட்டது.

இனிச் சட்டைக்கு வருவோம். அவ்வாசகம் பிறந்த காலத்தில், கதைப்படி, மக்னீற்றோ இறந்துவிட்டான் என்றே யாவரும் நம்பியிருந்தனர். 2001இல் விகாரிகளின் நாடாகிய ஜெனோஷாவை இயந்திர அரக்கர்கள் அழித்து, ஒரு கோடியே அறுபது இலட்சம் பேரைக் கொன்றதாகக் கதை. அவன் அஞ்சியது அஞ்சியவாறே நடந்தது. ஆகவே 'அவன் சொன்னது சரி' என்ற வாசகம் ஒரு துக்கத்தின் வாசகமாகவே தொடங்கியது. அதனை எழுதிய கிரான்ற் மொரிசன் அடுத்து என்ன செய்தார் என்பதைச் சட்டை அணிவோர் பலர் அறியார். 2003, 2004ஆம் ஆண்டுகளில் அவரே மக்னீற்றோவை உயிருடன் திரும்பக் கொணர்ந்து, நியூயோர்க் நகரைக் கைப்பற்றி மனிதரை எரியூட்டும் உலைகளுக்கு அனுப்பும் கொடியவனாக வரைந்தார். உயிரோடு வந்தவனிலும் சட்டையில் இருந்தவனே மேல் என்று கதையின் மாணவர்களுக்கே தோன்றிவிடுகின்றது. வாசகர் கொதித்தனர். ஒஷ்விற்ஸில் வளர்ந்தவன் உலையைக் கட்டுவானா என்றனர். வந்தவன் மக்னீற்றோ அல்லன், வேடம் பூண்ட வேறொருவன் என்று நிறுவனம் பின்னர் மழுப்பிவிட்டது. அம்மழுப்பலை நான் மெச்சவில்லை. அவ்வினாவுக்கு 'கட்டமாட்டான்' என்று அத்துணை விரைவாக விடை கூறுதல் கூடாது.

2024இன் தொடரிலும் இதே வரிசைதான். ஐந்தாம் பகுதியிலே ஜெனோஷா அழிகின்றது, பார்த்தவர்கள் கலங்கினர். எட்டாம் பகுதியிலே மக்னீற்றோ தன் காந்த ஆற்றலால் பூவுலகின் மின்சாரம் முழுவதையும் ஒரே கணத்தில் அணைக்கின்றான். அவ்வாசகம் உச்சரிக்கப்படுவது இவ்விரண்டையும் சேர்த்தே. முன்னையது அவனுடைய கணிப்பு. பின்னையது அவனுடைய செயல். கணிப்புச் சரியென்று காட்டிய அதே மூச்சிலே செயலும் சரியென்று ஒலிக்கும்படி அவ்வாசகம் அமைந்துள்ளது. இலக்கணக்காரன் வேலை இங்கே உண்டு. 'சொன்னது சரி' என்பதில் 'சொன்னது' எது? 'மனிதர் வருவர்' என்பதா? 'ஆகையால் யாவரையும் இருளில் ஆழ்த்துவேன்' என்பதா? எழுவாயை மறைத்துவிட்ட வாக்கியங்களே எப்போதும் கோஷத்துக்கு உகந்தவை. மின்சாரம் அணைந்தபோது வைத்தியசாலைகளில் மூச்சுக் கருவியோடு கிடந்தவர் கதி என்ன? வானத்தில் பறந்துகொண்டிருந்த விமானங்கள்? அவற்றிலே விகாரிகளும் இருந்திருக்கலாமே!

சேவியரை மார்ட்டின் லூதர் கிங் என்றும், மக்னீற்றோவை மல்கம் எக்ஸ் என்றும் ஒப்பிடும் வழக்கம் ஒன்று உண்டு. 2000இல் வந்த திரைப்படமும், இயன் மக்கெலன் நடித்த மக்னீற்றோவின் வாயிலே மல்கம் எக்ஸின் புகழ்பெற்ற சொற்றொடரை வைத்து அதனை உறுதிசெய்தது. இவ்வொப்பீடு பிற்காலத்தது என்பதோடு அநீதியானதும் ஆகும். மல்கம் எக்ஸ் எக்கப்பலையும் ஆழ்த்தவில்லை; 1965இல் அவரே சுட்டுக்கொல்லப்பட்டார். ஒடுக்கப்பட்டவன் குரலை உயர்த்திப் பேசினாலே அவன் மக்னீற்றோ என்று எண்ணும் பழக்கத்தை இவ்வொப்பீடு வளர்க்கின்றது. இன்னொரு பழுதும் உண்டு. அது கதையின் அடித்தளத்திலேயே இருப்பது. உலகிலே வெறுக்கப்படும் சிறுபான்மையினர் எவரும் கண்ணினால் சுவரைப் பிளக்க வல்லவர் அல்லர். விகாரிகளை அஞ்சுவோருக்குக் கதையிலே ஓரளவு காரணம் உண்டு. மெய்யுலகில் வெறுப்பவனுக்கு அக்காரணம் இல்லை. கதையை உவமையாகக் கொள்வோர் இவ்வேறுபாட்டை மறந்தால், வெறுப்பவனுக்கே உதவிசெய்தவர் ஆவர்.

என் மாணவருக்கு நான் நேரே விடை கூறவில்லை. பாரிஸ் மன்றம் வழங்காது விட்ட தீர்ப்பை எழுதிவருமாறு கேட்டேன். விடுதலை எழுதியோர் சிலர். ஆயுட்சிறை எழுதியோர் சிலர். பாடசாலையை நடத்துவதே தண்டனை என்று எழுதிய ஒருவனைப் பார்த்து வகுப்புச் சிரித்தது, நானும் சிரித்தேன். மாணவி ஒருத்தி தீர்ப்பு எழுதவில்லை. கிட்டி பிறைட்டைச் சாட்சிக் கூண்டிலே ஏற்றி, ஒரேயொரு வினாவைக் கேட்டுவிட்டு, விடைக்கு இடம் விட்டுத் தாளை முடித்திருந்தாள்.

'உனக்கு அன்று முப்பது வயதாக இருந்திருந்தால், அவர் அருகே வந்து பார்த்திருப்பாரா?'